கெந்தாவும் கரியாவும் நீலக்காவும்

ஹுப்பள்ளியில் சென்னவீர விவசாயக் கருவிகள் கம்பெனியில் எதில் வயர் இருந்தாலும் அது நீலாம்பிகா பட்டணஷெட்டியின் பொறுப்பு. யாரும் உட்கார்ந்து யோசித்து இப்படி ஏற்பாடு செய்யவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு டெலிபோன் ஆபரேட்டராக வந்து சேர்ந்தவள் அவள். போன் பலகைக்குப் பக்கத்தில் டெலக்ஸ் வந்தது. "நீதான் பக்கத்துலயே உக்காந்திருக்கியே" என்று அதையும் அவள் தலையில் கட்டினார்கள். பிறகு ஃபேக்ஸ் வந்தது. பிறகு கண்ணாடி அறைக்குள் முதல் கம்ப்யூட்டர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று விதி போட்டார்கள். பெரிய பெரிய மேனேஜர்கள் சாக்ஸ் ஓட்டையை மறைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். யாருக்கும் அதைத் தொடத் தைரியமில்லை. நீலாம்பிகா தொட்டாள். தொட்டவள் கையோடு ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒன்று பத்தானது, பத்து நூறானது. வலைப்பின்னல், சர்வர், இன்டர்நெட், பேட்டரி, கேட்டில் கேமரா என்று எல்லாம் வந்தன. எல்லாவற்றிலும் வயர் இருந்தது. வயர் இல்லாத வைஃபை வந்தபோது "இதுல வயரே இல்ல, எனக்கென்ன வந்தது?" என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தாள். "பெட்டிக்குப் பின்னாடி பாருங்க நீலக்கா, ஒண்ணு இருக்கு" என்று காட்டிக்கொடுத்தது அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஹொசமனி.

ஹொசமனியைப் பற்றிச் சொல்லாமல் நீலக்காவின் உத்தியோகத்தைச் சொல்ல முடியாது. நல்ல மனிதர். ஆனால் தன் மேஜைக்குக் கீழே சிவப்பாக ஒரு பிளக் இருந்தால் அது தனக்காகத்தான் வைத்தது என்று நினைப்பவர். பேட்டரியில் ஓடும் அந்தப் பிளக்கில் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் சூடாக்கும் கெண்டியைச் சொருகினார். மொத்த ஆபீசும் இருண்டது. நீலக்கா வந்து கெண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக நடந்தாள்.

"பாத்துக்குங்க. இந்த மாச சம்பளம் லேட்டாச்சுன்னா இவருக்கு டீ சூடா வேணும்னுதான் லேட்டாச்சு."

இன்னொரு வருஷம் எலி கேபிளைக் கடித்தது. மருந்து வைத்தால் எலி சுவருக்குள் செத்து நாறும் என்று ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டாள். பூனைக்கு வாங்கிய பாலை "நெட்வொர்க் பராமரிப்பு" என்ற தலைப்பில் எழுதினாள். ஆடிட்டர் கேட்டபோது பூனையையே தூக்கிவந்து அவர் மேஜைமேல் உட்காரவைத்தாள். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மேனேஜர்களை வழிக்குக் கொண்டுவர அவளிடம் ஒரு முறை உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் கூட்டி வைத்து ஒவ்வொருவரிடமும் கேட்பாள்.

"சர்வர் நின்னா உங்க வேலை எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு நிமிஷம்கூடத் தாங்காது மேடம்!" என்று முதலில் குதிப்பது சேல்ஸ் மேனேஜர் குல்கர்ணிதான்.

"சரி. ஒரு நிமிஷம்கூட நிக்காம ஓட்டணும்னா இவ்வளவு செலவு. உங்க டிபார்ட்மென்ட் கணக்குல போட்டுக்கலாமா?"

குல்கர்ணி தாளைப் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "அவ்வளவு அவசரம்னு இல்ல. மத்தியானம் வரைக்கும் பாத்துக்கலாம்" என்பார். அடுத்த ஆள் ஒரு நாள் தாங்கும் என்பார். ஹொசமனி, மாதக் கடைசி தவிர மற்ற நாளில் தனக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். இப்படித்தான் அந்தக் கம்பெனியில் எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு காவல் என்று முடிவானது. பெங்களூரிலிருந்து பெரிய கோட்டு போட்ட ஆட்கள் வந்து படம் போட்டுக் காட்டியும் நடக்காத காரியம் அது.

ஆனால் இந்த மேனேஜர்களுக்கெல்லாம் மேலே சாவ்கார் இருந்தார். கம்பெனி முதலாளி சென்னவீரப்பாவை ஊரே சாவ்கார் என்றுதான் கூப்பிடும். நவலகுந்து பக்கம் கரிசல் காட்டில் ஏர் பிடித்த குடும்பம். அப்பாவுக்காக ஒரு விதைக் கருவியைத் தானே அடித்துச் செய்தவர், அதையே தொழிலாக்கிப் பெரிய ஆளானவர். எழுபதைத் தாண்டியும் தினமும் பட்டறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவருவார். நெற்றி நிறைய விபூதி, மடித்துக் கட்டிய வேட்டி. செலவு என்று காதில் விழுந்தால் மட்டும் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

ஒரே ஒரு சர்வரை வைத்துக்கொண்டு கம்பெனி ஓடிய காலம் அது. விதைப்புப் பருவத்தில் அது படுத்துக்கொண்டது. பில்லைக் கையால் எழுதி லாரியை அனுப்பினார்கள். பெல்லாரிக்குப் போகவேண்டிய கருவி பீஜாப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது சர்வர் வேண்டும் என்று நீலக்கா கேட்டாள்.

"இருக்கறதை ரிப்பேர் பண்ணியாச்சுல்ல? இன்னொண்ணு எதுக்கு? சும்மா நின்னு கரன்ட் தின்னும்."

அட்டவணை காட்டினாள், காதில் ஏறவில்லை. விற்க வந்தவனைப் பேசவைத்தாள், சாவ்கார் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். கடைசியில் ஒரு நாள் பட்டறை வாசலில் நின்றபடியே அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சாவ்கார், உங்க அப்பா ஒத்த மாட்டை வெச்சா ஏர் ஓட்டினாரு?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஒத்த மாடா? என்ன பேச்சு பேசறே நீ?"

"நீங்க ஒத்த மாட்டை வெச்சுத்தான் இந்தக் கம்பெனியையே இழுக்கறீங்க. அது கால் மடக்கினா ஊர் சிரிக்கும்."

அந்த வாரமே இரண்டாவது சர்வருக்குப் பணம் வந்தது. பெட்டி வந்து இறங்கிய அன்று சாவ்கார் தேங்காயோடு வந்து நின்றார். பழையதில் எப்போதும் சிவப்பாக ஒரு விளக்கு எரியும், அதனால் அதற்குக் கெந்தா என்று பெயர் வைத்தார். கெந்தா என்றால் செவலை. புதியது கறுப்பு, அதனால் கரியா. இரண்டு பேருக்கும் விபூதி பூசினார். பூசிவிட்டு ரொம்ப இயல்பாக ஒரு கேள்வி கேட்டார்.

"திங்கக்கிழமை அவுத்து விட்டுடுவேல்ல?"

அந்தச் சீமையில் திங்கட்கிழமை மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள். காளைத் தெய்வமான பசவண்ணனின் நாள் அது. எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும் மாடு தொழுவத்தில்தான் நிற்கும். நீலக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டையும் ஒரே நாளில் அவிழ்த்தால் கம்பெனி நின்றுவிடும், ஒரு திங்கள் கெந்தாவுக்கு, மறு திங்கள் கரியாவுக்கு என்று முறை வைக்கலாம் என்றாள். சாவ்கார் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். மற்ற நாளில் இரண்டும் சேர்ந்து இழுக்கும், ஒன்றில் எழுதியது அப்போதே மற்றதிலும் ஏறும்.

வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று உறைத்தது. ஒன்று விழுந்தால் மற்றது தாங்குமா என்று அவ்வப்போது நிறுத்திப் பார்க்கவேண்டும். எந்த மேனேஜரும் அதற்கு ஒரு மணி நேரம் தரமாட்டான். இப்போது பசவண்ணன் பெயரால் வாரம் ஒரு நாள் கிடைத்துவிட்டது. குல்கர்ணி வாயைத் திறக்க முடியுமா? திங்கள் காலையில் சாவ்கார் பூவோடு வந்து நிற்பார். அவள் ஒன்றை அணைத்துத் தூசி தட்டுவாள், வயரை மாற்றிச் சொருகுவாள், மற்றது தனியாக இழுப்பதைச் சற்று நேரம் நின்று பார்ப்பாள். வருஷக்கணக்கில் இது நடந்தது. அந்தத் தொழிற்பேட்டையில் மற்ற கம்பெனிகள் எல்லாம் மாதம் ஒருமுறை தலையில் கைவைத்தபோது, இங்கே லாரி நிற்காமல் போனது.

மாட்டைச் சொல்லி வாங்கினாளே, அந்த மாடே பிறகு அவளை முட்டியது.

கெந்தாவுக்கு வயதாகிவிட்டது. விசிறி கரகரவென்று கத்தியது. உள்ளே டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. அதற்குப் பாகம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். சங்கராந்தி முடிந்ததும் நீலக்கா சாவ்காரிடம் இரண்டு விஷயம் கேட்டாள். கெந்தாவைக் கழித்துவிட்டு இன்னொன்று வாங்கவேண்டும். தனக்குத் துணையாக இன்னொரு ஆளைச் சேர்க்கவேண்டும்.

சாவ்காரின் முகம் சுருங்கிவிட்டது.

"இத்தனை வருஷம் உழைச்சதைக் கழிச்சுடறதா? கசாப்புக்கா அனுப்பறே?"

"சாவ்கார், அது இரும்புப் பெட்டி."

"அன்னைக்கு மாடுன்னு சொன்னது யாரு?"

தன் வாயே தனக்கு எமன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, அது போகட்டும். ஆளாவது குடுங்க. ஜூன்ல வினுதாவுக்குப் பிரசவம். முதல் பிரசவம், நம்ம வீட்டுக்கு வரா. நான் லீவு போடணும்."

"போடு. யாரு வேண்டாம்னா? போன்தான் இருக்கே. ஏதாவதுன்னா கூப்பிட்டுக் கேட்டுக்கறோம். அதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு?"

அந்தப் போன்தான் நீலக்காவின் வயிற்றில் நெருப்பு. கம்பெனி கொடுத்த போன். குளிக்கும்போதுகூடக் குளியலறை ஜன்னல் விளிம்பில் இருக்கும். மகள் வினுதாவின் கல்யாணத்தில் அட்சதை போடும் நேரத்தில் அது அடித்தது. பெண்ணைப் பெற்றவள் பந்தலுக்குப் பின்னால் போய் நின்று, "மஞ்ச வயரை இல்லப்பா, அதுக்குப் பக்கத்துல" என்று கத்திக்கொண்டிருந்தாள். மேளச் சத்தத்தில் அது கூப்பிட்டவன் காதிலும் விழவில்லை, தாலி கட்டியது இவள் கண்ணிலும் படவில்லை. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் அவள் புருஷன் மகாந்தேஷ் மட்டும் தனியாக நிற்பார். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வினுதா பேசியிருக்கிறாள். பெல்காமிலிருந்து ஏழாம் மாத வயிற்றோடு வந்து இறங்கியதுமே சொல்லிவிட்டாள்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. இந்தத் தடவையும் வயர் வயர்னு ஓடினே, நான் என் மாமியார் வீட்டுக்கே போயிடுவேன். பச்ச உடம்போட போவேன். ஊர் உன்னைத்தான் பேசும்."

"ஓடமாட்டேன்டி. உன் தலைமேல சத்தியம்."

"என் தலை வேண்டாம். உன் சர்வர் தலைமேல பண்ணு. அப்பதான் நம்புவேன்."

நீலக்கா சிரித்தாள். ஆனால் ராத்திரி படுத்தபோது சிரிப்பு வரவில்லை. ஒரே பெண். பள்ளிக்கூட விழா, காய்ச்சல், பரீட்சை, கல்யாணம் என்று எல்லாவற்றிலும் பாதியில் எழுந்து போயிருக்கிறாள். இதிலும் எழுந்து போனால் அந்தப் பெண் வெளியே ஒன்றும் சொல்லமாட்டாள், மனசுக்குள் அம்மாவை ஒரேயடியாகக் கைகழுவிவிடுவாள். அது நீலக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கோந்து உருண்டைக்குக் கொப்பரையைத் துருவிக்கொண்டே சாவ்காரை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

ஜூன் பிறந்தது. விதைப்புக்கு நம்பியிருக்கும் மிருகசிரா மழை நேரத்துக்கு வந்து கொட்டியது. கரிசல் காடெல்லாம் நனைந்து, விதைக் கருவி கேட்டு நாலு ஜில்லாவிலிருந்தும் லாரிகள் வந்து கேட்டில் வரிசை கட்டின. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் பில் போடாமல் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டமுடியாது. ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் விவசாயிக்கு அந்த வருஷமே போனதுதான்.

பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில் அந்தத் திங்கட்கிழமையும் நீலக்கா வேலைக்குப் போனாள். ஓய்வு முறை கரியாவுடையது. பருவ நேரத்தில் கெந்தாவைத் தனியாக இழுக்கவிட அவளுக்கு மனசே இல்லை.

"சாவ்கார், இந்த ஒரு வாரம் விட்டுடலாமே."

"எங்க அப்பா விதைப்பு நேரத்துலயும் திங்கக்கிழமை பூட்டினதில்ல" என்று சொல்லிவிட்டார் சாவ்கார்.

கரியாவை அணைத்தாள். சாவ்கார் பூ வைத்தார். தூசி தட்டி முடிப்பதற்குள் வீட்டிலிருந்து மகாந்தேஷ் கூப்பிட்டார். வினுதாவுக்கு வலி எடுத்துவிட்டது.

"போ, போ, ஓடு!" என்று சாவ்காரே அவளை விரட்டினார். கரியாவை மறுபடி எழுப்பிவிட்டுப் போகலாம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பை நீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குல்கர்ணி. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஹொசமனி. மறுபடி குல்கர்ணி. எடுக்காமலும் இருக்க முடியவில்லை.

"மேடம், எல்லாம் நின்னுபோச்சு! பில் வரல. கேட்டுல லாரிக்காரன் ஒருத்தன் வாட்ச்மேன் சட்டையைப் பிடிச்சுட்டான். நான் கார் அனுப்பறேன். அரை மணி நேரம், வந்து தொட்டுட்டுப் போயிடுங்க."

"நான் ஆஸ்பத்திரில இருக்கேன் சார்."

"தெரியும் மேடம். முதல் பிரசவம், லேட்டாத்தான் ஆகும். அதுக்குள்ள வந்துட்டுப் போயிடலாம்."

பிரசவம் பார்த்துப் பார்த்துப் பழுத்தவர் மாதிரி பேசினார் குல்கர்ணி. நீலக்காவின் வாயில் வந்ததை அவள் சொல்லவில்லை. ஆனால் கால் தானாகத் தரையில் ஊன்றியது. கை, நாற்காலியில் தொங்கிய பையைத் தேடியது. பல வருஷப் பழக்கம், உடம்பு அவளைக் கேட்காமலேயே எழுந்தது.

வினுதா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"போம்மா. எனக்குப் பழகிப்போச்சு."

நீலக்கா பட்டென்று உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒரு பக்கம் கேட்டில் நிற்கும் லாரிகள். அவற்றுக்குப் பின்னால், காடு காய்வதற்குள் கருவி வருமா என்று காத்திருக்கும் ஆட்கள். அவர்களும் பொய்யில்லையே. ஆனால் இங்கே கட்டிலில் கிடப்பது அவள் பெற்றது. இரண்டு பக்கமும் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை சாவ்கார்.

"சாவ்கார், என்னால வரமுடியாது" என்றாள் எடுத்ததுமே. அவரிடம் அப்படி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"யாரு வரச்சொன்னா? நீ அங்கயே இரு. கெந்தா படுத்துட்டான். நான் இப்ப ரூம்லதான் நிக்கறேன். கரியாவைப் பூட்டட்டுமா? அதை மட்டும் சொல்லு."

"நீங்களா?"

"பின்ன குல்கர்ணியா? அவன் இன்னைக்குத்தான் முதல் தடவையா இந்த ரூம் வாசலுக்கே வந்திருக்கான். செருப்பைக்கூடக் கழட்டல, திட்டி வெளிய நிறுத்தியிருக்கேன். வாராவாரம் நீ பண்றதைப் பக்கத்துல நின்னு பாத்தவன் நான் ஒருத்தன்தானே? முதல்ல பின்னாடி பட்டன், அப்புறம் முன்னாடி. பச்சை விளக்கு வந்ததும் நீல வயரைக் கெந்தாகிட்ட இருந்து உருவி இவனுக்குச் சொருகணும். சொருகறப்ப நீ 'ஹர ஹர'ன்னு சொல்லுவே."

"அது நான் சொல்றதில்ல சாவ்கார். நீங்க சொல்றது."

"அப்ப நானே சொல்லிக்கறேன்."

அவள் வராந்தாவுக்குப் போகவில்லை. ஒரு கையால் வினுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். போனில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எதையோ தட்டிவிட்டார், எதுவோ உருண்டது. "ஹர ஹர" என்று கேட்டது.

"பச்சை வந்துடுச்சு. வயர் சொருகிட்டேன். இப்ப ஏதோ எழுத்துப் போட்டுக் கேக்குது. பாஸ்வேர்டாம்."

நீலக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பாஸ்வேர்டை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லும்படியும் இல்லை. சங்கராந்திக்குப் பிறகு, இரண்டும் முடியாது என்று அவர் கையை விரித்த அன்று, கோபத்தில் மாற்றியது.

"நீலா? இருக்கியா? என்ன அடிக்கணும்?"

"சாவ்கார்... தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லும்மா, லாரி நிக்குது."

"ஆங்கில எழுத்துல, நடுவுல இடம் விடாம... கருமி சென்னவீரப்பா."

கட்டிலில் வினுதா வலியை மறந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு சாவ்காரின் குரல் வந்தது.

"பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?"

"முதல் எழுத்து பெரிசு."

"கருமிக்கா, சென்னவீரப்பாவுக்கா?"

"ரெண்டுக்குமே சாவ்கார்."

வினுதா பக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வலியாக மாறியது, நர்ஸ் ஓடிவந்தாள். நீலக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு தூரத்தில் குல்கர்ணி "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கூவுவது கேட்டது.

"காலையில கரியாவை அணைச்ச பிறகு போட்ட பில்லு எதுவும் அவன்கிட்ட இருக்காது. எல்லாத்தையும் திரும்பப் போடச் சொல்லுங்க" என்றாள் நீலக்கா அவசரமாக.

"போடுவாங்க. போடலன்னா குல்கர்ணியை ஏர்ல பூட்டறேன். நீ போனை வை. பொண்ணைப் பாரு."

மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. பாட்டியாகிவிட்ட நீலக்கா அதை முதலில் கையில் வாங்கினாள். வாங்கியவள் அழுதாள். வினுதா களைத்துப்போய்க் கிடந்தபடியே, "நீ இருந்தேல்ல" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். நீலக்காவுக்கு அது போதும்.

சாயங்காலம் சாவ்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் தார்வாட் பேடா டப்பா. வேட்டியில் தூசி, விரலில் எங்கோ கீறிய காயம். குழந்தையைப் பார்த்தார், நெற்றியில் துளி விபூதி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் நீலக்காவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கடைசி லாரியும் போயிடுச்சு. கெந்தாவைக் கழட்டி எடுத்துக்கச் சொல்லிட்டேன். புதுசு ஆர்டர் போட ஹொசமனிகிட்ட சொல்லியாச்சு. பேப்பர்ல விளம்பரமும் குடுக்கச் சொன்னேன், உனக்கு ஒரு ஆள். ஒண்ணு என்ன, ரெண்டு ஆளாவே எடுத்துக்கோ."

நீலக்கா குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "அந்தப் பாஸ்வேர்டை மாத்திடறேன் சாவ்கார். உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு, குல்கர்ணி காதுலயும் விழுந்திருக்கும்" என்றாள்.

"மாத்து. ஆனா அது பொய்னு நெனச்சு மாத்தாதே." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அதுங்க ரெண்டுக்கும் முறை வெச்சு ஓய்வு குடுத்தேன். பூ வெச்சேன். பக்கத்துலயே நீ ஒருத்தி வருஷக்கணக்கா ஒத்தையா இழுத்துக்கிட்டு நிக்கறே, அது என் கண்ணுல படல பாரு. உன் பொண்ணு கல்யாணத்துல மஞ்ச வயரு எதுன்னு கேட்டு உன்னைக் கூப்பிடச் சொன்னதே நான்தான். எனக்கு வேற என்ன பேர் வைப்பே நீ?"

"அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றாள் நீலக்கா. ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

சாவ்கார் எழுந்தார். கையை நீட்டினார்.

"போனைக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடு. நீ திரும்பி வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். தெரியாததைக் கேட்டா தெரியாதுன்னு சொல்றேன். அதையும் கேட்டுப் பழகட்டும் இந்த மேனேஜருங்க."

அவள் தயங்கினாள். கட்டிலில் இருந்து வினுதா பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக்கா போனைத் தலையணை ஓரத்திலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெதுவாகப் படியிறங்கினார்.

பாதிப் படியில் அது அடித்தது. நீலக்கா மடியில் குழந்தையோடு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டும் அவள் கால் அசையவில்லை. கீழே படிக்கட்டிலிருந்து சாவ்காரின் குரல் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

"சொல்லுங்க. மேடமா? மேடம் லீவு. அவங்க வீட்டுல குழந்தை பிறந்திருக்கு. என்ன நின்னுபோச்சு, என்கிட்ட சொல்லுங்க."